முட்டு மரத்துக்கு இரண்டு சாண் தள்ளி

தம்பி ஏழாம் மாதத்திலேயே பிறந்தான், பிழைத்துக்கொண்டான். எடை பார்த்த நர்ஸ் அதைக் குறித்துவிட்டுப் பேனாவை மூடாமலே வைத்திருந்தாளாம், சற்று நேரத்தில் வேறொன்றையும் குறிக்க வேண்டியிருக்கும் என்று. குறிக்க வேண்டி வரவில்லை. அது முதலாவது வெற்றி.

மூன்று வயது முடியும்வரை நடக்கவில்லை. நான்காம் வயதில் ஒரு மத்தியானம், தலைக்கு மேலே விமானங்கள் போகிற சத்தம் கேட்டு, மொட்டைமாடிப் படி பதினெட்டையும் யார் கையையும் பிடிக்காமல் ஏறிப் போய் நின்றான். அது இரண்டாவது.

பத்தாம் வயதில் வந்த காய்ச்சல் இடது காதைக் கொண்டுபோயிற்று. மிஞ்சிய ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்க்காமலே, போவது சரக்கு விமானமா சண்டை விமானமா, எத்தனை போகிறது என்று சொல்லப் பழகினான். கடற்படையின் கப்பல் தளத்தில் வேலை கேட்டுப் போனபோது நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாம் முறை எடுத்துக்கொண்டார்கள். போர்க்கப்பலின் முகப்பில் அதன் எண்ணை எழுதுவது, படித்த பெயிண்டர்களுக்கு மட்டும் தருகிற வேலை. படித்த பெயிண்டர் முதுகு பிடித்துப் படுத்துவிட்ட ஒரு நாளில், வேறு வழியில்லாமல் இவனைச் சாரத்தில் ஏற்றினார்கள். ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கிற அந்த எண்ணை எழுதி இவன் இறங்கியதும், அளந்து பார்க்க வந்த அதிகாரி அளவுகோலைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வேலை வேறு யாருக்கும் போகவில்லை. ஆக ஐந்து.

ஆறாவது ஒன்று இருக்கிறது. அது நடந்த வாரத்தில் அதை வெற்றி என்று யாரும் நினைக்கவில்லை. அவனுடைய அக்கா அந்த வாரம் முழுவதும் எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்; அவ்வளவுதான்.

தெருவில் அவனுக்கு அட்மிரல் என்று பெயர். கடற்படை லாரி ஒன்று தெருமுனையில் திரும்பினாலும் சைக்கிளிலிருந்து இறங்கி விறைப்பாக நிற்பான். அதனால் வந்த பெயர்.

"அட்மிரல், இன்னிக்குப் போர் உண்டா, இல்ல லீவா?" என்பார் டீக்கடைக்காரர்.

"டீ ஆறுறதுக்குள்ள அறிவிச்சிடுறேன், போடுங்க."

வீட்டில் அவனுடைய அலமாரிக் கதவின் உட்பக்கம் முழுக்கக் கப்பல்கள். பழைய நாள்காட்டியிலும் செய்தித்தாளிலும் வெட்டியவை. இரண்டாம் மாடியில் இரண்டரை அறை கொண்ட வீடு. அக்கா, அக்காவின் கணவர், தம்பி என்று மூன்று பேர். அக்காவின் கணவருக்குப் பஸ் டிப்போவில் டயர் மாற்றும் வேலை. அக்கா மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிறவள். பத்து அட்டை ஒரு பெட்டி. பத்தொன்பது வருடத்தில் அவள் பெட்டியில் ஒன்பது இருந்ததில்லை, பதினொன்றும் இருந்ததில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என்றாலும், எதையும் இரண்டாம் முறை சரிபார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் தம்பியைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டாள்.

மேலே ஐந்து விமானங்கள் ஒன்றாகப் போயின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடிக்கு ஓடியிருக்க வேண்டியவன் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஒரு ஸ்பூனை எடுத்து டம்ளரைத் தட்டினான். பிறகு வாளியைத் தட்டினான். எழுந்து போய் இரும்பு பீரோவை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு வந்தான். வலது காதை பீரோவோடு ஒட்டி வைத்திருந்தான்.

"என்னடா, வீட்டை விலை பேசப் போறியா? தட்டித் தட்டிப் பாக்குற?" என்றார் அக்காவின் கணவர்.

எப்போதும் பதிலுக்கு ஒன்று சொல்கிறவன், ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். சாப்பாடு மூடியபடி இருந்தது.

காய்ச்சலாக இருக்குமோ என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. மிச்சமிருக்கிற காதுக்கும் ஏதாவது வந்துவிட்டதோ, அதைத்தான் சோதித்துப் பார்க்கிறானோ என்றும் அவளுக்குத் தோன்றியது. அடுத்த நாள் வேலையில் ஒரே பெட்டியை மூன்று முறை எண்ணினாள்.

செவ்வாய் சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனபோது அவனும் பின்னாலேயே வந்தான். துறைமுகத்தின் கிரேன்களுக்கு நடுவே ஒரு கொடிமரமும், அதன் உச்சியில் சுற்றுகிற ரேடாரும் தெரிந்தன. மூன்று மாதம் தளத்தில் கிடந்து, ஞாயிற்றுக்கிழமைதான் தண்ணீரில் இறங்கியிருந்த கப்பல். அதன் எண் எழுபத்திரண்டு. அவன் எழுதிய எண். கப்பலின் பெயரைச் சொல்லி அவன் பேசியதே இல்லை. எழுபத்திரண்டு என்பான், அல்லது 'அவ' என்பான்.

"அக்கா, அவ உடம்புல ஒரு தகடு சரியில்லன்னு நினைக்கிறேன்."

"அதைப் போய் உங்க மேஸ்திரிகிட்ட சொல்லு. துணியை இப்படிப் பிடி."

"சொல்ல முடியாதுக்கா. நானே மூடிட்டேன்."

அக்கா துணியைக் கொடியிலேயே விட்டாள்.

விஷயம் இதுதான். கப்பல் தண்ணீர் இல்லாத தொட்டியில் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும்போது, அதன் அடிப்பக்கத்துப் பழைய பெயிண்டையும் துருவையும் சின்னச் சுத்தியால் கொத்தி எடுப்பார்கள். நல்ல தகட்டில் அடித்தால் சுத்தி துள்ளித் திரும்பி வரும். மெலிந்த தகட்டில் துள்ளாது. கொத்தி முடித்த இடத்தை வெறும் இரும்பாக அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சோதனை அதிகாரி வந்து, தன் சுத்தியால் தட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் விழுந்த பிறகுதான் முதல் பூச்சான பிரைமரைப் பூசலாம். பதினாறு வருடமாக அவன் இந்த முறையைத் தவறியதில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, பத்தாம் தேதி, வேலை முடியும் நேரத்தில் கடைசி இரண்டு முழத்தைக் கொத்திக்கொண்டிருந்தான். கப்பல் சாயாமலிருக்கப் பக்கவாட்டில் கொடுக்கிற முட்டு மரம் ஒன்று அங்கே தகட்டைத் தாங்கி நின்றது. அதிலிருந்து இரண்டு சாண் தள்ளி அடித்தபோது சுத்தி துள்ளவில்லை. சோர்ந்துபோன மாதிரி தகட்டோடு ஒட்டி நின்றது. இன்னொரு முறை அடித்துப் பார்ப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. மேல்காற்று கடலிலிருந்து ஈரமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் வெறும் இரும்பு விடிவதற்குள் செம்மண் நிறமாகிவிடும். அடுத்த வாரம் ஜனங்கள் எல்லாம் பார்க்க வரப்போகிற கப்பல்.

"அவளை அப்படி வெறும் உடம்பா விட்டுட்டு வர மனசு வரலக்கா. ஒரே ஒரு கோட்டு பிரைமர் அடிச்சேன். காலையில சொல்லிக்கலாம்னு நினைச்சேன்."

காலையில் சோதனை அதிகாரி வந்தபோது இவன் கப்பலின் மறுபக்கத்தில் இருந்தான். பிரைமரைப் பார்த்து, "இங்கே தட்டியாச்சா?" என்று அவர் கேட்டிருக்கிறார். நாள் ஒன்று வீணாகிவிடுமே என்று மேஸ்திரி, "நேத்தே ஆச்சு சார்" என்று சொல்லியிருக்கிறார். கோப்பில் டிக் விழுந்துவிட்டது. அதற்கு மேல் இரண்டு கோட்டு. இப்போது அந்த இடத்தை அவனைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமாகப் பூசியிருந்தான்.

"சத்தம் கம்மியா வந்தது தகட்டாலதான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது. முட்டு மரம் பக்கத்துல இருந்தாலும் அப்படித்தான் அமுங்கும். அதான் வீட்ல எல்லாத்தையும் தட்டிப் பாக்குறேன். பீரோவுக்குப் பின்னாடி கையை வச்சுக்கிட்டும் தட்டினேன், எடுத்துட்டும் தட்டினேன். பிடிபட மாட்டேங்குது."

"எப்போ புறப்படுது?"

"வியாழக்கிழமை நாலு மணிக்கு. நாப்பது நாள் கடல்ல."

துணியை எடுக்காமலே அவர்கள் கீழே இறங்கி வந்து சொன்னதைக் கேட்ட அக்காவின் கணவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டில் கதவைச் சாத்துகிற வழக்கமே கிடையாது.

"இது பஸ் டயர் இல்லடா, போர்க்கப்பல். ஏன் மறைச்சேன்னு முதல் கேள்வி கேப்பாங்க. யார் சொல்லி மறைச்சேன்னு ரெண்டாவது கேப்பாங்க. அலமாரியைத் திறப்பாங்க. ஏண்டா இத்தனை கப்பல் படம்னு மூணாவது. உன்கிட்ட எதுக்காவது பதில் இருக்கா?"

"பிடிக்கும்னு சொல்வேன் மாமா."

"பிடிக்குமாம்! இதைச் சொன்னா நம்பிடுவாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு."

தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து எதற்கும் கடைசியில் அவளைத்தான் பார்ப்பான். பத்து அட்டையைப் பத்து என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவள் அன்றைக்கு, "முட்டு மரம்தான். வேற ஒண்ணும் இருக்காது. பேசாம இரு" என்றாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் குடித்தாள். நான்கு முறை திருப்பி அனுப்பப்பட்டவன் ஐந்தாம் முறை நுழைந்த வாசல் அது. அந்த வாசலுக்கு வெளியே தம்பியை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கப்பலைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். போக வேண்டாம் என்றுதான் அக்கா நினைத்தாள். போகாவிட்டால் தெருவில் கேட்பார்களே, அட்மிரல் ஏன் போகவில்லை என்று. அரை நாள் லீவு போட்டாள்.

வரிசை துறைமுகக் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. குழந்தைகள் அப்பாக்களின் தோளில் உட்கார்ந்திருந்தன. ஒரு பெண் தன் மகனிடம் பீரங்கியைக் காட்டி, "வீட்டுப்பாடம் எழுதலன்னா இதுதான்" என்றாள். கப்பல் பளபளவென்று நின்றது. முகப்பில் அந்த எழுபத்திரண்டை அக்கா வழக்கம்போல முதலில் தேடிப் பார்த்தாள். இந்த முறை அதற்குக் கீழே, தண்ணீருக்குள் மறைந்திருக்கிற பாகத்தில் அவள் பார்வை போய் நின்றது. வெள்ளைச் சீருடையில் ஏணியருகே நின்ற மாலுமிகள் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார்கள். தம்பி விறைத்து நின்று பதில் வணக்கம் வைத்தான்.

"அட்மிரல் அண்ணே!"

கப்பலின் சமையல்காரன். முப்பதைத் தொட்டவன், முன்மண்டை வழுக்கை. நாளெல்லாம் உருளைக்கிழங்கு உரிப்பதால் அவனை எல்லோரும் உருளை என்றுதான் கூப்பிடுவார்கள். தளத்தில் கிடந்த மூன்று மாதமும் தம்பிக்கு டீ கொடுத்தவன் அவன்தான்.

"அக்காவா? வாங்கக்கா, வாங்க. இவர் வரைஞ்ச நம்பரைப் பார்த்துதான் எதிரி பயப்படணும். எங்க சாப்பாட்டைப் பார்த்து நாங்க பயப்படுறோம்."

மற்றவர்களுக்கு மேல்தளம் மட்டும்தான். பெயிண்டர் வேண்டியவர் என்பதால், காவலிருந்தவனிடம் சொல்லிவிட்டு உருளை இவர்களைக் கீழே கூட்டிப்போனான். செங்குத்தான இரும்புப் படி. இரண்டாவது படி இறங்கியதும் வெளிச்சத்தம் நின்றுவிட்டது. குறுகலான அறையில் மூன்று மூன்றாகப் படுக்கைகள். உருளையுடையது ஓரத்தில், கீழ்த்தட்டு. தலைமாட்டில் முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தையின் புகைப்படம்.

"என் பொண்ணு. பல்லு விழுந்ததை எனக்குச் சொல்லக்கூடாதுன்னு அவங்கம்மாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. போட்டோவுல மட்டும் சிரிச்சிட்டா."

அக்கா சிரித்துக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். அவன் படத்தைப் பார்க்கவில்லை. விலா எலும்பு மாதிரி சுவரில் வரிசையாக ஓடுகிற இரும்பு விலாக்களை எண்ணி, ஒன்றைத் தொட்டு, அதிலிருந்து சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது சாணில் கை உருளையின் தலையணைக்கு மேலே வந்து நின்றது. அப்படியே நின்றது.

"என்னண்ணே, அலமாரி அடிச்சுத் தரப் போறீங்களா?"

தம்பி விரல் முட்டியால் தட்டினான். உட்பக்கம் சுவருக்கு மெத்தை மாதிரி உறை போட்டிருந்ததால் ஒரு சத்தமும் வரவில்லை.

"இதுக்கு அந்தப் பக்கம் கடல்தான். படுத்தா தலைக்குப் பின்னாடி தண்ணி பேசுறது கேக்கும்" என்றான் உருளை. "அதுல ஒரு வேடிக்கை. எனக்கு மட்டும் தலையணை ஈரமாவே இருக்கு. மண்டையில முடியில்லாததால வேர்வை நேரா இறங்குதுன்னு பசங்க கிண்டல் பண்றாங்க."

அக்கா தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். எதையும் இரண்டாம் முறை சரிபார்க்கிற புத்தி அவளை விடவில்லை.

"எத்தனை நாளா அப்படி?"

"தளத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, ஒரு மாசம் இருக்கும். நடுவுல நின்னுபோச்சு. இப்ப தண்ணியில இறக்கினதும் மறுபடி."

வெளியே வந்து துறைமுகத்தின் இரும்புக் கதவைத் தாண்டி அக்கா முன்னால் நடந்தாள். தெருமுனையில் நின்றாள்.

"கேட் ஆபீஸ் காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"எட்டு மணிக்கு. ஏங்க்கா? நீதானே நேத்து பேசாம இருன்னு..."

"நேத்து சொன்னது நேத்து. குளிச்சுட்டு, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு வா."

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே இருவரும் கேட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தரப் பரிசோதனைப் பிரிவின் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. காவலாளி, "இன்னிக்குக் கப்பல் கிளம்புற நாள். எல்லாரும் பறந்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு வாங்களேன்" என்றான்.

"நாளைக்கு வந்து என்ன செய்ய?" என்றாள் அக்கா. அவள் சொன்ன விதத்தில் காவலாளி திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போன் செய்தான்.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். தம்பியின் தோளில் கையைப் போட்டு ஓரமாக அழைத்துப் போனார். அக்காவும் எழுந்து கூடவே போனாள்.

"என்னடா அட்மிரல், ஒத்தக் காதை வச்சுக்கிட்டு தகட்டுக்கு வைத்தியம் பாக்குறியாமே? நூத்தறுபது பேர் கிளம்ப நிக்கிறாங்க. தகடு நல்லா இருந்துச்சுன்னு வை, உன்னை என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"தெரியாது மேஸ்திரி."

"எனக்கும் தெரியாது. அதான் பயமா இருக்கு." மேஸ்திரியின் குரல் இறங்கியது. "தட்டியாச்சுன்னு நான்தானே சொன்னேன். உனக்காகத்தான்டா சொன்னேன். அவசரப்பட்டு பூசினேன்னு எழுதினா உன் கேட் பாஸைப் பிடுங்கியிருப்பாங்க. எனக்கும் வீட்டுல நாலு பேர் இருக்காங்க."

மேஸ்திரி நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது. அக்கா சொன்னாள்: "அண்ணே, நாங்க உங்களைப் பத்திச் சொல்ல வரல. தகட்டைப் பத்திச் சொல்ல வந்தோம்." தகட்டைப் பற்றிச் சொன்னால் அவரைப் பற்றியும் சொன்னதாகிவிடும் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. மேஸ்திரி கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சுவர்க் கடிகாரத்தையும் கிரேன்களுக்கு நடுவே தெரிந்த கொடிமரத்தையும் அக்கா மாறி மாறிப் பார்த்தாள். தம்பி தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அதிகாரி வந்தார். தட்டிப் பார்க்க வந்தவரல்ல; அவருக்கு மேலே இருப்பவர், நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். வெள்ளைச் சீருடை, தோளில் பட்டைகள். உட்காராமலே, "சொல்லுங்க, அஞ்சு நிமிஷம்தான்" என்றார். தம்பி எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தான். முட்டு மரம் என்றதும் அவர் உட்கார்ந்தார். தலையணை என்றதும் பேனாவை எடுத்தார். பிறகு கப்பலின் வேலைக் கோப்பை வரவழைத்துப் பக்கங்களைத் திருப்பினார்.

"பதினோராம் தேதி, தட்டியாச்சுன்னு டிக் இருக்கு. நீங்க சொல்றது உண்மைன்னா இந்த டிக் பொய். இது உண்மைன்னா நீங்க சொல்றது பொய். ஒரு கப்பலை நிறுத்தச் சொல்றீங்க. நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது மேடம். சுத்தி துள்ளல. அதுமட்டும்தான் தெரியும்."

அவர் அவனையே பார்த்தார். "நிச்சயமா தெரியும்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "எழுதிக் கொடுங்க. எழுத்துல இருந்தா நான் மேல கொண்டு போறேன். வாய்வார்த்தையை வச்சுக்கிட்டு நான் அந்த ஏணியில ஏற முடியாது."

அக்கா எழுதினாள். எட்டாம் வகுப்புக் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் அட்டையில் அடுக்கிய மாத்திரை மாதிரி. தேதி, நேரம், இடம், விலாவிலிருந்து எத்தனை சாண், முட்டு மரத்திலிருந்து எத்தனை சாண். யாருடைய அனுமதியும் இல்லாமல், அவசரத்தில், தானே பிரைமர் பூசியதாக ஒரு வரி. அந்த வரியை எழுதும்போது மட்டும் கை நின்றது. தம்பி, "எழுதுக்கா" என்றான்.

கையெழுத்து வேண்டும் என்றார் அதிகாரி. தனக்கு எழுத வராது, கைநாட்டு வைக்கிறேன் என்றான் தம்பி. மைப்பெட்டி வந்தது. கட்டைவிரலை அழுத்தி எடுத்தான். தாளில் ஒரு நீலத் திட்டு விழுந்தது. கோடு எதுவும் இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். இன்னொரு திட்டு. இடது கை. அதுவும் அப்படியே. பதினாறு வருடம் உப்புத்தாளும் தின்னரும் தேய்த்த விரல்களில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை. அதுவரை அதை யாரும் கவனித்ததில்லை. வருகைப் பதிவேட்டில் மேஸ்திரி டிக் போடுவார். பாஸ் வருடா வருடம் பழைய தாளிலேயே நீளும்.

"இது யார் விரல்னு நாளைக்கு யாரும் கேக்கலாம். நானே வச்சேன்னுகூடச் சொல்லலாம்" என்றார் அதிகாரி. மணி இரண்டு பத்து.

"நான் போட்டுடட்டுமா மேடம்? அவன் பேரு எனக்குத் தெரியாதா?"

"நீங்களாம்மா தகட்டைத் தட்டினீங்க?"

அக்கா தலை குனிந்தாள். இரண்டாம் வகுப்பில் ஆசிரியர் அவனைக் கரும்பலகையில் பெயர் எழுதச் சொன்ன நாள் அவளுக்குத் தெரியும். எழுத்துகள் அவனுக்குத் தலைகீழாகவும் கண்ணாடியில் பார்ப்பதுபோலவும் வந்தன. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியர் அதை அழிக்காமல் மத்தியானம்வரை விட்டுவைத்தார். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்குப் போகவில்லை. எந்தக் கப்பலின் பெயரையும் எண்ணையும் அச்சுப்போல் எழுதுவான். தன் பெயரை எழுதச் சொன்னால் கை மரத்துப்போகும். எத்தனையோ முறை அவள் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

துறைமுகப் பக்கமிருந்து ஒரு சங்கு ஊதியது. இழுவைப் படகுகளை அழைக்கிற சங்கு.

"அக்கா, என் பேரை எழுதிக் காட்டு. பெருசா எழுது."

எழுதினாள். அவன் தாளைத் தூக்கிப் பிடித்து, கையை நீட்டித் தள்ளிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். எழுத்தாகப் படிக்காமல், பூச வேண்டிய வடிவமாக. எத்தனை வளைவு, எத்தனை நேர்கோடு, எது எங்கே இறங்குகிறது. பிறகு காவலாளியிடம் சாக்பீஸும் நூலும் கேட்டான். நூலில் சாக்பீஸைத் தேய்த்து, ஒரு முனையை அக்காவின் கையில் கொடுத்து, சிமெண்ட் தரையில் சுண்டினான். நேர்க்கோடு ஒன்று விழுந்தது. மண்டியிட்டு, கோட்டின் மேல், ஒரு சாண் உயரத்தில் தன் பெயரை எழுத ஆரம்பித்தான். அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி இடம் விட்டார். காவலாளி வாசலில் வந்து நின்றான். யாரும் சிரிக்கவில்லை.

தரையில் ஒரு முறை எழுதி அழித்தான். மறுபடி எழுதினான். எழுந்து, பேனாவைத் தூரிகைபோல் நுனியில் பிடித்துக்கொண்டு தாளின் மேல் குனிந்தான். அவன் மூச்சுவிடுவது கேட்டது. பெயரில் எழுத்துகள் ஐந்துதான். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே சற்று இறங்கிவிட்டது. கப்பலில் ஓர் எண் அப்படி இறங்கியிருந்தால் சுரண்டி எடுத்திருப்பான். இதைச் சுரண்டவில்லை.

அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

மூன்றரைக்கு இரண்டு இழுவைப் படகுகள் கிரேன்களைத் தாண்டிக் கப்பல் பக்கம் போயின. மூன்று ஐம்பதுக்கு எழுபத்திரண்டின் சங்கே ஊதியது, நீளமாக. அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நான்கு ஆயிற்று. கொடிமரம் நகர்கிறதா, மேகம் நகர்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"பக்கத்துல அந்த கிரேன் கம்பியோட சேர்த்துப் பாருக்கா" என்றான் தம்பி. "அசையல."

நான்கு இருபதுக்கு இழுவைப் படகுகள் வெறுமனே திரும்பிப் போயின.

மறுநாள் உருளையின் தலைமாட்டில் இருந்த உறையைக் கழற்றிப் பார்த்தார்கள். உறைக்குப் பின்னால் ஓடிய கடல்நீர்க் குழாயின் இணைப்பு கசிந்து, யாருக்கும் தெரியாமல் தகட்டை உள்பக்கமிருந்து தின்றுகொண்டிருந்தது. எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, இரண்டுகூட இல்லை. கப்பல் மறுபடி தளத்துக்கு ஏறியது. இருபத்து மூன்று நாள் தாமதம். சோதனைக்கு முன்பே பூசியதற்காக அட்மிரலின் பாஸை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். மேஸ்திரியை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் வெகுநாள் இவர்களோடு பேசவில்லை, அக்காவால் அதைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்த ஒரு மாதமும் மாடியில் நின்று விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தவனோடு, பாஸ் திரும்பி வருமா வராதா என்ற கவலையில் அவளும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வந்தது.

கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் உருளை வீட்டுக்கு வந்தான். டீயைக் குடித்து முடித்தான். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு, "தலையணையை மாத்திக் கொடுத்துட்டாங்க அண்ணே" என்றான்.

கேட் ஆபீஸில் கொடுத்த தாளின் நகல் ஒன்று வீட்டில் இருக்கிறது. மேலே அக்காவின் எழுத்து. கீழே மூன்று நீலத் திட்டுகள். அவற்றுக்கு அடியில், கடைசி எழுத்து சற்று இறங்கிய அந்தப் பெயர். தேதியை அவனே போட்டுக்கொண்டான். எண்கள் அவனிடம் ஒருநாளும் தகராறு செய்ததில்லை. 2009 மார்ச் 19.